போண்டா சாப்பிட மறுத்த நான்கு நாட்கள்

முதலில் தண்ணீர்தான். காலையில் நிரப்பி வைத்த கிண்ணம் நாங்கள் பசியாறி முடிப்பதற்குள் காலியாகிவிடும். போண்டா எங்கள் நாய். ஒன்பது வயது. கிள்ளான் பாசார் (சந்தை) ஓரத்தில் குட்டியாகக் கிடைத்தவள். அவ்வளவு தண்ணீரும் எங்கே போகும்? வரவேற்பறையில், சாமி மேடைக்கு முன்னால், என் செருப்பின் மேல்.

நான் அவளை அடித்தேன். இதை எழுதாமல் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. சுருட்டிய நாளிதழால் மூக்கிலேயே அடித்தேன். அதுவும் பலிக்காதபோது, சாயங்காலம் ஆனதும் கிண்ணத்தை எடுத்து அலமாரி மேல் வைத்தேன். அவள் போய்க் குளியலறைத் தரையை நக்கினாள். வயதாக வயதாகத் திமிர் ஏறுகிறது என்று என் கணவர் மணியத்திடம் சொன்னேன்.

பிறகு வயிறு பெருத்தது. பெயருக்கேற்ற உடம்பு என்று சிரித்தோம். முதுகில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்த பிறகுதான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். என் மகள் வயதுதான் அவருக்கு இருக்கும். ரத்தம் எடுத்தார், ஸ்கேன் செய்தார், குஷிங் நோய் என்றார் (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள், கார்டிசோல் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பது).

"அது வேணும்னு செய்யல ஆன்டி. இந்தப் பசி, தாகம், மூத்திரம் எதையும் அதால அடக்க முடியாது."

நான் அடித்த கதையைச் சொல்லவில்லை.

மருந்து கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம் என்றார் மருத்துவர். கொடுத்தாலும் குணமாகாது, கட்டுக்குள் இருக்கும். அளவு மிஞ்சினால் கார்டிசோல் ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து. "சாப்பிட்டாதான் மருந்து. சாப்பிடலன்னா மருந்து கிடையாது, உடனே எனக்கு கால் பண்ணுங்க. இத மட்டும் மறந்துடாதீங்க." அதை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மணியம் சொன்னார்: "நல்லா சாப்பிடுது, வாலாட்டுது. இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும் லா. எதுக்கு மருந்து கிருந்துன்னு?"

"தெனம் முட்டி போட்டு மூத்திரம் தொடைக்கிறது நீங்களா?"

முடிவு என்னுடையதாயிற்று. அவளுடைய நலனுக்காகத்தான் மருந்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பாதி அவளுக்காக. பாதி என் தரைக்காக.

பயமும் இருந்தது. அதனால் தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயிலில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். நாய்க்காக நேர்த்திக்கடன் என்றால் ஊரே சிரிக்கும். மணியத்தின் அக்கா விசாரித்தபோது, முட்டி வலிக்காக என்று சொல்லிவைத்தேன். முட்டி வலியும் இருக்கத்தான் செய்தது.

விரதம் என்றால் எங்கள் வீட்டில் முழு வீட்டுக்கும் விரதம். கவுச்சி வாசலைத் தாண்டி வரக்கூடாது. நாய்த்தீனிப் பையில் கோழிப் படம் போட்டிருந்ததால் அதையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்தேன். போண்டாவுக்குத் தயிர் சோறும் வேகவைத்த பூசணியும். கோழி ஈரல் தின்று வளர்ந்தவள் மூன்று வாரம் அதையும் தட்டுப் பளபளக்க நக்கினாள். தாகம் குறைந்தது. தரை காய்ந்தே இருந்தது. இரண்டாம் வார ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்றார் மருத்துவர். முருகன் கண் திறந்துவிட்டான் என்று நினைத்தேன். அடுத்த பரிசோதனையைத் தைப்பூசம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன்.

நான்காம் வாரத்தில் ஒரு காலை, தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

"சைவம் சலிச்சுப் போச்சு அதுக்கு," என்றார் மணியம். நானும் சிரித்தேன். இன்னும் பத்து நாள்தானடி, பொறுத்துக்கோ, கோழிக்கால் வாங்கித் தரேன் என்று அவளிடம் சொன்னேன். மருந்து விட்டுப்போகக் கூடாதே என்று மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்துப் பார்த்தேன். துப்பினாள். வாயைப் பிளந்து நாக்கின் அடிவரை விரலால் தள்ளி, விழுங்கும்வரை வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்படி நான்கு நாட்கள். குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தாள் என் முகத்துக்கு நேரே இருந்தது. அது நோயால் சாப்பிடாத நாய்க்கு எழுதியது, அடம்பிடிக்கும் நாய்க்கு அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஈறு வெளுத்திருந்தது. கால்கள் சில்லென்று இருந்தன. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போகும் வழியெல்லாம் நெரிசல். என் மடியில் நடுங்கிக்கொண்டே கிடந்தாள்.

மருத்துவர் ஊசி போட்டார், நரம்பு வழியே சலைன் ஏற்றினார். பொட்டாசியம் (இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் உப்பு) எகிறிவிட்டது என்றார். கார்டிசோல் அநேகமாக இல்லவே இல்லை.

"எப்பலருந்து சாப்பிடல?"

"நாலு நாளா. வீட்டுல விரதம் டாக்டர், சைவம். அதான் பிடிக்கலன்னு..."

"மூணு வாரமா அதே சைவத்தத்தான ஆன்டி சாப்பிட்டுச்சு?"

குரலை உயர்த்தவில்லை அவர். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மதியத்துக்கு முன் போண்டா செத்துப்போனாள்.

இதே நோயுள்ள நாய் உங்கள் வீட்டில் இருந்தால், மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று நான் சொல்லமாட்டேன். இந்த மருந்தால் நன்றாக வாழும் நாய்கள் நிறைய உண்டு என்று மருத்துவரே சொன்னார். ஒன்று மட்டும் சொல்வேன். அது சாப்பிட மறுத்தால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். காரணத்தை நீங்களே கண்டுபிடிக்காதீர்கள். நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

தைப்பூசத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. விரதத்தை விட்டுவிடுகிறேன் என்றேன். மணியத்தின் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மனுசங்க செத்தாத்தான் தீட்டு. நாய்க்கு ஏது தீட்டு? உன் முட்டிக்குத்தான வேண்டிக்கிட்ட? சாமி காரியத்த பாதியில நிறுத்தாத."

பால்குடம் எடுத்தேன். அத்தனை படியும் ஏறினேன். மேலே போய்ப் பாலைக் கொடுத்துவிட்டு, கேட்க ஒன்றும் இல்லாமல் நின்றேன்.

இப்போதும் காலை ஏழு மணிக்கு, மாத்திரை நேரத்துக்கு, கைப்பேசியில் அலாரம் அடிக்கிறது. அணைக்கிறேன், அழிக்கவில்லை. வலது ஆள்காட்டி விரலில் அவள் நாக்கின் சூடு அந்த நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறது. அவளை அடித்த கையும் அதுதான்.

அன்று பத்துமலைப் படியிறங்கும்போது மணியத்தின் அக்கா கேட்டார்: "முட்டி எப்படி இருக்கு?"

"வலிக்கல அக்கா."

உண்மைதான். அதற்குப் பிறகும் வலிக்கவில்லை. முருகன் செய்த அற்புதம் என்று அவர் எல்லாரிடமும் சொல்கிறார். நானும் தலையாட்டுகிறேன். முட்டி போட்டுத் தரை துடைக்கிற வேலைதான் இப்போது இல்லையே.