பதினெட்டாவது கூழ்

வங்காலைப் புஸ்பம் மன்னார் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆய்வுகூட உதவியாளர். குடுவைகளோடு காலந்தள்ளியவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: எதைச் சோதித்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவாள். பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டு இறந்துபோன அப்பா காய்ச்சிய ஒடியல் கூழையும் அப்படித்தான் தேடத் தொடங்கினாள்.

போருக்குத் தப்பி இந்தியக் கரையில் மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில், யேசு பிறந்த நாளான நத்தாருக்கு நத்தார் அப்பா அதைக் காய்ச்சுவார். அடுப்பங்கரைக்கு எவரையும் விடமாட்டார். பக்குவத்தை யாருக்கும் சொல்லாமலே அங்கேயே கண்ணை மூடிவிட்டார். ஊர் திரும்பிய மகளின் நாக்கில் அந்தப் புளிப்பு மட்டும் தங்கியிருந்தது. உறைப்பு அடங்கிய பிறகு மெல்ல வந்து, வாயைக் குளிர வைத்துவிட்டுப் போகும் புளிப்பு.

முதலில் மாவை மாற்றினாள். பிறகு மீனை. பிறகு புளியை: பழப்புளி, மாங்காய், கொறுக்காய்ப்புளி, தேசிக்காய். எல்லாம் குறிப்புக் கொப்பியில் ஏறின. நண்டும் திருக்கையும் பிடித்து வந்து கொடுத்தே கணவன் வின்சன்ட் களைத்துப்போனான்.

"பதினேழு கூழ் குடிச்சிட்டன். எல்லாம் நல்லாத்தானே கிடக்கு?"

"நல்லாத்தான் கிடக்கு. ஆனா அப்பா காய்ச்சினது மாதிரி இல்லை."

கடைசியில், மண்டபத்திலேயே தங்கிவிட்ட அப்பாவின் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மாமி, அப்பா கூழுக்கு என்ன புளி விட்டவர்?"

"ஆனைப்புளிதான் பிள்ளை. வேறென்ன? நான்தானே காய் பொறுக்கிக் குடுத்தனான்."

அப்படியொரு பெயரை அவள் கேட்டதேயில்லை. மறுநாள் பள்ளிக்கூட நூலகத்தில் தாவரவியல் புத்தகத்தைப் புரட்டினாள். அந்தப் பெயரின் கீழிருந்த படத்தைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்துவிட்டாள். பெருக்கமரம்! பக்கத்துப் பள்ளிமுனைக் கிராமத்தில் வெளிநாட்டார் வந்து படமெடுக்கிற அதே பெருத்த மரம். அக்கரையில் அதற்கு ஆனைப்புளி என்று பெயர்.

உடன் வேலை செய்யும் நிஸ்லாவின் வீட்டு வளவிலும் ஒன்று நின்றது.

"இதைப் போய்த் தின்னுறதா?" என்றாள் நிஸ்லா.

"ஒரு காய் தாங்கோ, பாப்பம்."

வெல்வெட்டுப் போன்ற ஓட்டை உடைத்தால் உள்ளே கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி மாதிரி வெள்ளைச் சதை. ஒரு துண்டை வாயில் போட்ட புஸ்பத்தின் நாக்கில் அதே குளிர்ந்த புளிப்பு. கண் கலங்கிவிட்டது.

அன்று பின்னேரமே சதையை ஊறவைத்துப் பிசைந்து, வடித்து, கூழை இறக்கும் நேரத்தில் விட்டாள். கூழ் பட்டுப் போல வழுவழுப்பாக இறுகியது. வின்சன்ட் ஒரு மிடறு குடித்தான். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

"இவ்வளவு நாளும் இது இஞ்சையே நிண்டிருக்கு," என்றான்.

ஞாயிறு கோயில் பூசை முடிய, நிஸ்லாவையும் கூட்டிக்கொண்டு மூவராகப் பள்ளிமுனைக்குப் போனார்கள். கைகோத்துப் பார்த்தும் அடிமரத்தில் பாதியைக்கூட அணைக்க முடியவில்லை.

"அரபு யாவாரிமார் ஒட்டகத்துக்குத் தீனியாக் கொண்டுவந்த மரமாம். எங்கட உம்மா சொல்லுவா," என்றாள் நிஸ்லா.

புஸ்பம் அண்ணாந்து பார்த்தாள். எந்தக் கரையில் முளைத்த விதை, எத்தனை கடல் தாண்டி, எந்தக் கை வழியாக அப்பாவின் பானைக்கு வந்து சேர்ந்தது! சொரசொரப்பில்லாத அந்தப் பட்டையில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றாள்.