முயலுக்குக் காவல் நின்ற மாலை

கொரோனாக் கட்டுப்பாடுகள் எல்லாம் முடிந்து வந்த முதல் கோடை அது. சுவிட்சர்லாந்தில் ஒரு நகரத்து மைதானத்தில் சர்வதேசத் தடகளப் போட்டி நடந்தது. நான் அங்கே தொண்டராக நின்றேன். அந்த நாட்டின் ஊஸ்டர் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். ஆனால் பாடங்களைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது ஓட்டக்காரர்களின் நேரங்கள்தான். யார் எந்த வருடம் எவ்வளவில் ஓடினார், கடைசிச் சுற்றில் யார் யாரை எங்கே பிடித்தார் என்று நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்லுவேன். அதிலும் பிரிட்டிஷ் ஓட்டக்காரர்கள் என்றால் தனிப் பைத்தியம். குளிர்காலம் முழுக்கச் சேற்றிலும் மழையிலும் ஓடிவிட்டு, கோடையில் ஒன்றுமே நடக்காத முகத்தோடு வந்து நிற்பார்களே, அது எப்படி என்று எனக்கு எப்போதும் ஒரு ஆச்சரியம்.

அந்தப் போட்டியின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தபோது துள்ளிக் குதித்தேன். பெண்களுக்கான ஐயாயிரம் மீற்றரில், பிரிட்டன் என்ற இடத்துக்கு நேரே ஒரு தமிழ்ப் பெயர். லண்டன்காரர். சில வருடங்களாகவே இணையத்தில் அவருடைய முடிவுகளைத் தேடிப் படித்து வந்திருக்கிறேன். நல்ல ஓட்டக்காரர். ஆனால் பெரிய போட்டிகளுக்கான தகுதி நேரத்தை ஒவ்வொரு வருடமும் ஒரு மயிரிழையில் தவறவிட்டுவிடுவார். இந்த முறை அவர் பெயருக்குப் பக்கத்தில் வேறொரு குறி இருந்தது. அவர் போட்டியிட வரவில்லை. வேகம் கொடுக்க வருகிறார்.

இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீண்ட ஓட்டங்களில் முதல் சில சுற்றுகளுக்கு முன்னால் ஓடி மற்றவர்களை இழுத்துச் செல்ல ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவார்கள். சொன்ன தூரம் முடிந்ததும் அவர் தடத்தைவிட்டு இறங்கிவிடுவார். இங்கே அவர்களை முயல் என்பார்கள். முயலின் பெயர் எந்த முடிவுப் பட்டியலிலும் வராது. தன்னால் முடியாத நேரத்தை மற்றவர் ஓடுவதற்கு அவர் காற்றை மறைத்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

என் வேலை ஊக்கமருந்துப் பரிசோதனைப் பகுதியில். பரிசோதனைக்கு எடுபட்டவரிடம் ஓட்டம் முடிந்த உடனே போய் அறிவித்து, அவர் சிறுநீர் மாதிரியைக் கொடுத்து முடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் கூடவே நிற்க வேண்டும். உடுப்பு மாற்றப் போனாலும் கூட, பேட்டி கொடுக்கப் போனாலும் கூட. கையொப்பம் கேட்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கக் கூடாது; மூடி உடையாத போத்தலை அவரே தெரிந்தெடுக்க வேண்டும். பெண்களுக்குச் சாட்சியாகக் கழிவறைக்குள் நிற்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும். அன்றைக்கு அந்த வேலையும் எனக்குத்தான். பயிற்சியின்போது இன்னொன்றும் சொன்னார்கள்: சோதிக்கப்படுபவர் உங்கள் உறவினராக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதை நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். உலகத் தரத்தில் ஓடுகிற சொந்தக்காரர் எனக்கு எங்கே இருக்கிறார்? எங்கள் வீட்டில் பஸ்ஸுக்குக்கூட ஒருவரும் ஓடமாட்டார்கள்.

மூன்றாவதாக வருபவரிடம் நான் போக வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஓட்டம் தொடங்கியது. முயல் முன்னால் போனார். அழகான, ஒரே சீரான ஓட்டம். இறங்க வேண்டிய சுற்று வந்தது. அவர் இறங்கவில்லை. அடுத்த சுற்றிலும் இறங்கவில்லை. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவருக்கே என்ன சொல்வதென்று தெரியாமல் குரல் தடுமாறியது. முயல் முடிவுவரை ஓடுவதற்குத் தடையொன்றும் இல்லை. ஆனால் அப்படி யாரும் செய்வதில்லை. கடைசிச் சுற்றில் இரண்டு பேர் அவரைக் கடந்து போனார்கள். மற்ற ஒருவராலும் முடியவில்லை. அவர் மூன்றாவதாக வந்து, தடத்திலேயே மல்லாந்து விழுந்தார். பலகையில் நேரம் தெரிந்தது. அவர் வாழ்க்கையிலேயே ஓடிய மிக வேகமான நேரம். அந்தக் கோடையின் ஐரோப்பியப் போட்டிக்கான தகுதி நேரத்தைவிடவும் வேகம்.

நான் போய் என் அடையாள அட்டையைக் காட்டி, மனப்பாடம் செய்திருந்த ஆங்கில வசனத்தைச் சொன்னேன். அவர் படுத்தபடியே தலையை ஆட்டினார்.

அதன் பிறகு காத்திருப்பு. ஓடி வியர்த்து வற்றிப்போன உடம்பிலிருந்து சிறுநீர் எளிதில் வராது. ஒரு சிறிய அறை, சில பிளாஸ்டிக் கதிரைகள், தண்ணீர்ப் போத்தல்கள் நிறைந்த ஒரு குளிர்பெட்டி. அடுத்த அறையில் மேசைக்குப் பின்னால் நரைத்த முடியோடு பொறுப்பதிகாரியான சுவிஸ் அம்மா. கதவு திறந்தே இருந்தது. ஓட்டக்காரர் போத்தல் போத்தலாகக் குடித்தார். நான் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க ஆயிரம் கேள்விகள் இருந்தும் வாயைத் திறக்கவில்லை. ஒழுங்காகத்தான் இருந்தேன். கடைசியில் அவர்தான் என் அட்டையிலிருந்த பெயரைப் படித்தார்.

“நீங்கள் தமிழோ?”

“ஓம்.”

அந்த ஒரு ஓமோடு என் ஒழுங்கு முடிந்தது. ஏன் இறங்கவில்லை என்று கேட்டுவிட்டேன். பெரிய மனஉறுதிக் கதை ஒன்று வரப்போகிறது என்று கதிரை நுனிக்கு வந்திருந்தேன்.

“புல்லுக்குள்ள இறங்கிற இடத்தில ஒரு கமராக்காரன் முக்காலியோட நிண்டவன்,” என்றார். “அவனில முட்டாமல் அடுத்த சுத்தில இறங்குவம் எண்டு நினைச்சன். அடுத்த சுத்தில கால் கேக்கேல்லை.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் மனிதர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். என் அப்பாவிடம் நான் கேலி செய்கிற ஒரு பழக்கம் உண்டு. ரயிலில், கடையில், வைத்தியரின் காத்திருப்பு அறையில், எங்கே ஒரு தமிழரைக் கண்டாலும் ஊரில் எந்த இடம் என்று கேட்பார். கேட்டுவிட்டு, ஒரு சொந்தம் கண்டுபிடிக்கும்வரை விடமாட்டார். அதே கேள்வி என் வாயிலிருந்து அப்பாவின் ராகத்திலேயே வந்தது.

“ஊரில எவடம், அக்கா?”

“அப்பா மானிப்பாய். அம்மா கரவெட்டி. நான் ரெண்டையும் கண்டதில்லை.”

“கரவெட்டியில எவடம்?”

“அது தெரியாது. தபால்காரர் வீடு எண்டு கேட்டா ஆருக்கும் தெரியுமாம். என்ர அம்மப்பா தபால் கந்தோரில வேலை செய்தவர்.”

எனக்குத் தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. என் அப்பாவும் கரவெட்டிதான். அவர் வாயில் அடிக்கடி வருகிற ஒரு பெயர் தபால்கார மாமா. அப்பாவுடைய அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். அந்தத் தபால்காரர்தான் இவருடைய அம்மப்பா என்றால், இவர் எனக்கு முறைக்கு அக்கா. மரியாதைக்கு அக்கா என்று கூப்பிட்டவர் உண்மையாகவே அக்காவாகிவிட்டார்.

உறுதிப்படுத்த வேண்டுமே என்று, அவரைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, என்னைக் கூட்டிப்போக வந்து கார் தரிப்பிடத்தில் காத்திருந்த அப்பாவுக்கு ஒரு செய்தி தட்டினேன். அங்கேதான் எல்லாம் கைமீறிப் போனது. அப்பா எனக்குப் பதில் போடவில்லை. கனடாவிலிருக்கும் சித்தப்பாவைக் கூப்பிட்டு, அவரிடம் லண்டன் இலக்கத்தை வாங்கி, தான் பல வருடங்களாகக் கதைக்காத மச்சாளை, தபால்கார மாமாவின் மகளையே, கூப்பிட்டுவிட்டார். அக்கா கையிலிருந்த போத்தலைக் குடித்து முடிக்கவில்லை, அவருடைய போன் அடித்தது. லண்டனிலிருந்து அவருடைய அம்மா. எனக்கே கேட்கும் அளவுக்குச் சத்தமாகக் கதைத்தார். மகள் என்ன நேரம் ஓடினாள் என்று ஒரு கேள்வி இல்லை. பக்கத்தில் நிற்பது உன் தங்கச்சியாம், பிள்ளைக்குச் சாப்பிட ஏதும் கொடுத்தாயோ என்றுதான் கேட்டார்.

அக்கா போனை வைத்தார். முகம் மாறியிருந்தது.

“இப்ப லண்டனுக்கும் தெரியும், கனடாவுக்கும் தெரியும்,” என்று அடுத்த அறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். “அங்க இருக்கிற அந்த மனுசிக்கு மட்டும்தான் தெரியாது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கழிவறைக்குள் அவருக்குச் சாட்சி நிற்கப் போவது நான். அவருடைய உறவுக்காரி. நான் மெல்லச் சொன்னேன்: இன்றைக்குத்தானே கண்டோம், நான் உங்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் தரவில்லையே, சொல்லாமல் விட்டால் என்ன? உள்ளுக்குள் வேறொரு பயமும் இருந்தது. இதைச் சொன்னால் இனி என்னை எந்தப் போட்டிக்கும் சேர்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அக்கா போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே யோசித்தார்.

“நான் இண்டைக்கு முயலா வந்தனான். வந்து, என்ர சீவியத்திலேயே ஓடாத நேரம் ஓடியிருக்கிறன். எனக்கே நம்பேலாமல் கிடக்கு. மற்ற ஆக்கள் எப்பிடி நம்புவினம்? இந்தச் சோதினை ஒண்டுதான் எனக்குச் சாட்சி. நாளைக்கு ஒரு கலியாணவீட்டு வீடியோவில நாங்கள் ரெண்டு பேரும் தோளில கை போட்டுக்கொண்டு நிப்பம். அண்டைக்கு உள்ளுக்க நிண்டது ஆரெண்டு கேட்டா?”

நான் எழுந்தேன்.

“பொறும்,” என்றார். “எனக்கு இப்பதான் வருது.”

அவ்வளவு நேரம் எத்தனை போத்தல் குடித்தும் வராதது, அந்த நேரம் பார்த்து வந்தது. நான் இப்போது போய்ச் சொன்னால் வேறொரு பெண் வரும்வரை அவர் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். இருந்த ஒரேயொரு மற்றப் பெண் தொண்டரும் முதலாவதாக வந்தவரோடு பேட்டி அறையில் நின்றார். சொல்லாமல் உள்ளே போனால் எல்லாம் உடனே முடிந்துவிடும். நான் அவரைப் பார்த்தேன். அவர் கால் மேல் காலை இறுக்கிப் போட்டுக்கொண்டார்.

“சொல்லிப்போட்டு வாரும். நான் அடக்கிறன்.”

அதிகாரி அம்மாவிடம், அக்காவும் என் கண்ணில் படுகிற மாதிரி வாசலிலேயே நின்றபடி, ஜெர்மனில் சொன்னேன். இவர் என் பாட்டியின் அண்ணனுடைய பேத்தி. இதற்கு முன் சந்தித்ததுண்டா? இல்லை. இப்படி ஒருவர் இருப்பது தெரியுமா? தெரியாது. அப்படியென்றால் எப்போது தெரிந்தது? இப்போதுதான், இந்த அறையில். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த அறைக்குள் இருந்துகொண்டே எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். ஊரையும் வீட்டையும் கேட்டோம் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை போல. அந்த ஊரில் எத்தனை பேர்தான் இருக்கிறார்கள் என்று கேட்டார். பிறகு, இங்கே இவ்வளவு தூரத்து உறவை யாரும் உறவென்று எண்ணுவதில்லையே என்றார். நான் மறைக்கவில்லை. எங்கள் வீட்டில் இவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும், ஏற்கெனவே என் அப்பா இவருடைய அம்மாவோடு கதைத்தும் விட்டார் என்றேன்.

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். பிறகு குறிப்பெழுதும் இடத்தில் எல்லாவற்றையும் எழுதினார். போத்தல்களை யார் எடுத்தது, அக்கா எப்போதாவது என் பார்வையைவிட்டு விலகினாரா என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டார். மற்றப் பெண்ணைக் கூப்பிட்டார். என் அட்டையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, வெளியே நிற்கும்படி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நேரத்துக்குச் சொன்னாய் என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். மற்றப் பெண் வருவதற்கு எடுத்த நேரம் எனக்கு ஐயாயிரம் மீற்றரைவிட நீளமாக இருந்தது. உள்ளே இருந்தவருக்கு எப்படி இருந்ததோ. அந்தப் பெண் வந்ததும் அக்கா கழிவறைக்குள் போன வேகத்தை, பக்கத்து அறையிலிருந்த மைதானத்து வைத்தியரே எட்டிப் பார்த்தார்.

எல்லாம் முடிந்து அக்கா வெளியே வந்து, உன் அப்பா எங்கே என்று கேட்டார். கார் தரிப்பிடத்தில் அப்பா வீட்டில் பொரித்த பற்றிஸ் நிறைந்த பெட்டியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதல் பேச்சே மன்னிப்புத்தான்.

“நீர் ஓடினதை நான் பாக்கேல்லை, பிள்ளை. பார்க்கிங் கிடைக்கேல்லை.”

அக்கா ஒரு பற்றிஸைக் கடித்தபடி, பரவாயில்லை சித்தப்பா, நானே பாக்கேல்லை என்றார்.

அடுத்த சில நாட்கள் இணையத்தில் தடகளப் பைத்தியங்கள் கூடுகிற இடங்களை எல்லாம் தோண்டித் துருவினேன். எதிர்பார்த்தது போலவே ஒருவர் கேட்டிருந்தார்: கூலிக்கு வேகம் கொடுக்க வந்தவர் திடீரென்று இப்படி ஓடுவது எப்படி? அதற்குக் கீழே வேறொருவர் எழுதியிருந்தார்: அன்று மாலையே அவரைச் சோதித்தார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது, வேறு கதை பேசுங்கள். அத்தோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. அந்த ஓகஸ்டில் அக்கா பிரிட்டனின் உடுப்போடு ஐரோப்பியப் போட்டியில் ஓடினார். பின்னுக்குத்தான் வந்தார். நாங்கள் வீட்டில் தொலைக்காட்சியின் முன்னால் நின்றுகொண்டே பார்த்தோம். என்னையும் அடுத்த வருடம் தொண்டராகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் இப்போது என்னை அனுப்புவதற்கு முன் அந்த அதிகாரி அம்மா, இந்தப் பட்டியலில் உனக்கு வேறு அக்காமார் இருக்கிறார்களா என்று கேட்காமல் விடுவதில்லை.

ஓட்டக்காரர்களுக்காகக் கைதட்டியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், அவர்களுடைய நேரங்களை நெட்டுருப் பண்ணியிருக்கிறேன். ஆனால் ஒரு ஓட்டக்காரருக்கு நான் உண்மையாகவே உதவியது, என் சொந்த அக்கா உள்ளே தவித்துக்கொண்டிருக்க, அந்தக் கதவுக்கு வெளியே பேசாமல் நின்ற அந்தச் சில நிமிடங்களில்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.