பின்வரிசை முகங்கள்

திரையில் கதாநாயகி குமுறிக் குமுறி அழுதுகொண்டிருக்க, கத்திரிக்கோலார் அவளுக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழுற மூஞ்சிக்கு எவ்வளவு வேணாலும் குடுக்கலாம். சுவத்துக்கு எதுக்குங்க இவ்வளவு?" என்றபடி விசையைத் தட்டினார். சுவரிலிருந்த வெடிப்புகள் மாயமாய் மறைந்தன. அழுகைக்கு ஒரு குறையும் வரவில்லை.

வீடுகளுக்கு இணையம் வழியே படம் அனுப்பும் நிறுவனத்தில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் படத்தின் எடையை, அதாவது தரவின் அளவை, குறைப்பது அவர் வேலை. எடை குறைந்தால்தான் நோஞ்சான் இணைப்பு உள்ள வீட்டிலும் நடுவில் வட்டம் சுற்றி நிற்காமல் படம் ஓடும். வானம், இருட்டு, கூட்டம் எதையும் விடமாட்டார். "யாரு பார்க்கப் போறா?" என்பது தாரக மந்திரம். கத்திரிக்கோலார் என்று உடன் வேலை செய்பவர்கள் வைத்த பட்டப்பெயரில் அவருக்குப் பெருமைதான்.

தொழில் புத்தி வீட்டிலும் விடவில்லை. முந்தைய நொடியிலிருந்து மாறியதை மட்டும் அனுப்பினால் போதும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். மனைவி பேச்செடுத்தால், "நேத்து சொன்னது இருக்கட்டும், மாறினதை மட்டும் சொல்லு" என்பார். "நான்தான் மாறவே இல்லையே, அதான் உங்க கண்ணுக்குத் தெரியல" என்றாள் ஒருநாள். அதை அவர் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

அந்த மனைவி ஒரு படத்தில் நடித்துவிட்டாள். நீதிமன்றக் காட்சியில் பின்வரிசையில் உட்கார்ந்து திடுக்கிட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக நிலைக்கண்ணாடி முன் நின்று ஓயாமல் திடுக்கிட்டுப் பழகினாள். எந்தப் படம், எந்தக் காட்சி என்று அவரிடமும் தினமும் சொன்னாள். மாறாத செய்தி என்பதால் அவர் காதில் ஏறவில்லை.

படம் வந்த அன்று அவளுடைய அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர் எல்லோரும் கூடத்தில் கூடிவிட்டார்கள். நீதிமன்றம் வந்தது. கதாநாயகனின் நெற்றி வியர்வை துளித்துளியாகத் தெரிந்தது. அவனுக்குப் பின்னால், மாவைப் பிசைந்து அப்பியதுபோல வரிசையாக முகங்கள். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. போன வாரம் அந்தப் பெஞ்சுகளைப் பார்த்து, "யாரு பார்க்கப் போறா?" என்றது கத்திரிக்கோலாரேதான்.

"இதுல எது, மாப்பிள்ளை, நம்ம பொண்ணு?" மாமியார் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

மனைவி திரையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மூக்குக்கண்ணாடிதான் சரியில்ல போல," என்றார் மாமியார்.

"குடுங்க அத்தை" என்று கத்திரிக்கோலார் வாங்கிச் சட்டை நுனியால் துடைத்தார். ஏற்கெனவே பளிச்சென்று இருந்த கண்ணாடியை, தலை நிமிராமல் துடைத்துக்கொண்டே இருந்தார்.