ஏழு மணித் தமிழ்ச் செய்தி

தெலுங்கு பேசும் ஊரில், மாதாப்பூரில், ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் தமிழ்ச் செய்தி வாசிக்கிறேன். ஆறு மணிக்குப் பதிவு செய்து ஏழு மணிக்குப் போடுவார்கள். முன்பெல்லாம் ஒரு ழகரம் நழுவினால் போதும், தொலைபேசி அலறும். "அந்தப் பொண்ணுக்கு யாராவது தமிழ் சொல்லிக் குடுங்க" என்று திட்டுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்த வசவுக்கே ஏங்கும்படி ஆகிவிட்டது. எல்லாரும் எல்லாவற்றையும் செல்போனில் பார்த்துக்கொள்கிறார்கள். தமிழ்ப் பிரிவை மூடலாமா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது. மூடினால் எங்கள் எல்லாருக்கும் வேலை போய்விடும்.

"ஊரே மாறினாலும் உங்கம்மா டிவிய விட மாட்டாங்க. அந்த ஒரு ஆள் போதும் நமக்கு" என்று செய்தி ஆசிரியர் என்னைக் கிண்டல் செய்வார். அம்மாவும் நானும் அல்வாலில் இருக்கிறோம். நான் வாசித்ததைப் பற்றி ஏதாவது சொல்லாமல் அவள் சோறு போட்டதில்லை.

போன மாதம் ஒருநாள், ஒளிபரப்பு அறையில் ஆள் குறைத்த புண்ணியத்தில், முந்தைய நாள் செய்தியே மறுபடியும் போய்விட்டது. தலைப்பிலிருந்து வானிலை வரைக்கும் முழுதாக. நாங்கள் கவனித்தபோது திரையில் நான் மஞ்சள் புடவையில் செய்தியை முடித்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த நான் பச்சைப் புடவையில் வியர்த்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வாசகம் எழுதி வைத்துக்கொண்டு தொலைபேசி அருகில் காத்திருந்தோம். அது அடிக்கவே இல்லை.

மேலாளர் வந்தார். கத்தப்போகிறார் என்று பார்த்தால், "ஒக்க கால் கூட ராலேதா?" என்று தெலுங்கில் மெதுவாகக் கேட்டார். ஒரு அழைப்புகூட வரவில்லை என்று சொன்னோம். "சரே" என்று போய்விட்டார். அதற்கு அவர் கத்தியே இருக்கலாம்.

வீடு போய்ச் சேரும்வரை அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்டுபிடித்திருப்பாள், வாசலிலேயே பிடித்துக் காய்ச்சி எடுப்பாள். எடுக்கட்டும். மேலாளரிடம் சொல்ல ஒரு ஆளாவது இருக்கும்.

அம்மா செல்போனில் ஏதோ தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கவிழ்த்து வைத்தாள்.

"செய்தி பாத்தியாம்மா?"

"ஹவ், பாக்காம என்ன? ஜோரா வாசிச்சே. இந்தப் பச்சப் பொடவை டிவில உனக்கு எடுப்பா இருந்துச்சுடி."

காலையில் இந்தப் புடவையில் கிளம்பியபோது கொசுவத்தைச் சரிசெய்துவிட்டவள் அவள்தான். "ஹவ்மா" என்று அவளைப் போலவே ஆமாம் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவள் சோறு போட்டாள்.