உளுந்தின் மேல் ஒரு ஜப்பானிய ஆல்பம்

திருக்காட்டுப்பள்ளி தாண்டி நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டு நிற்கிறேன். ஒசாகாவில் ஒருவர் தன் வீட்டு அறையிலேயே செய்த எலக்ட்ரானிக் ஆல்பம் பத்து மணிக்கு இணையத்தில் விற்பனைக்கு வருகிறது; மொத்தம் முப்பதே கேசட். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. சிக்னல் இந்த ஒரு இடத்தில்தான் கிடைக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில், ஒரு கேசட்டுக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டயருக்கடியில் உளுந்துச் செடி பரப்பியிருக்கிறது. அதற்கு உரிய பெண்மணி முறத்தோடு வருகிறார்.

"வண்டி ஏறி நெத்து ஒடையட்டும்னுதானே ரோட்டுல போட்டிருக்கேன்? மேலயே நிறுத்திட்டா எப்படி சார்? ஓட்டுங்க!"

"ஓட்டினா சிக்னல் போயிடும்க்கா!"

"போனை எங்கிட்ட குடுங்க. நான் இங்கயே நிக்கிறேன், நீங்க முன்னும் பின்னும் ஓட்டுங்க. எதை அமுக்கணும்?"

பட்டனைக் காட்டிவிட்டு ஓட்டுகிறேன். மூன்றாவது நடையில் கையைத் தூக்குகிறார். வாங்கியாகிவிட்டது! கேசட் தபாலில் வரும்; போனில் முதல் பாட்டு இப்போதே தானாக ஓடுகிறது: சடசட, டக், சடசட.

"உளுந்து ஒடையிற சத்தம்ல இது! இதுக்கா இந்தப் பாடு?"

எனக்கு ரோஷம் வந்துவிடுகிறது. "இல்லக்கா, இது வேற, அது வேற."

"அப்படியா? எனக்குப் புரியறவரைக்கும் ஓட்டிக் காட்டுங்க, பார்ப்போம்."

இது பதினோராவது நடை. அவருக்கு இன்னும் புரியவில்லையாம்.