பழைய பிரெஸ்ஸில் நான் ஒட்டிய சிவப்புச் சீட்டு

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓடரும் உருக்கும் இருந்தால் எந்தத் தொழிற்சாலையும் இரண்டே கிழமையில் பீரங்கி ஷெல் செய்யத் தொடங்கிவிடும் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லியும் விட்டேன்.

ஜெர்மனியில் ஹம் நகருக்குப் பக்கத்தில், காருக்கு உருக்குப் பாகங்கள் அடிக்கும் ஆலை எங்களுடையது. நான் ஷிப்ட் பொறுப்பாளர். கார் ஓடர்கள் வற்றி, எங்கள் பகுதியையே மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. அப்போதுதான் உக்ரைனுக்கு ஷெல் உடல் செய்ய முடியுமா என்று ஒரு விசாரிப்பு வந்தது. மூன்று மாதத்துக்குள் மாதிரி கொடுத்தால் இருபத்தாறு பேரின் வேலை தப்பும்.

"முடியுமா?" என்று மேலாளர் கேட்டார்.

"இரண்டு கிழமை போதும்," என்றேன்.

வெளியே வந்ததும் செல்வம் அண்ணை மறித்தார். மன்னார்க்காரர், உருக்கை அழுத்தும் பிரெஸ் ஓட்டியே தலை நரைத்தவர்.

"தம்பி, ஷெல் உடலை ஆழமாக் குடையவேணும். அதுக்கு அந்தப் பெரிய நிமிந்த பிரெஸ் வேணும். எங்க அது?"

"பின் கொட்டகையில..."

"பின் கொட்டகையில இப்ப என்ன நிக்குது?"

சைக்கிள்கள் நிற்கின்றன. போன வருடம் ஓடிட் பரிசோதனைக்காக, பாவிக்காத சாமான்களுக்கெல்லாம் சிவப்புச் சீட்டு ஒட்டச் சொன்னார்கள். சீட்டு ஒட்டியதெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடும். மற்றவர்கள் உடைந்த கதிரைக்கு ஒட்டினார்கள். நான் பிரெஸ்ஸுக்கு ஒட்டினேன். ஒழுங்குக்கான சான்றிதழ் கிடைத்தது. பக்கத்தில் என் படமும் தொங்கியது.

"அண்டைக்கே சொன்னனான், தார்ப்பாயைப் போட்டு மூடிவிடு எண்டு. நீ போட்டோவுக்குச் சிரிச்சுக்கொண்டு நிண்டனீ!"

புது பிரெஸ் கேட்டுப் போன் போட்டேன். பதினாறு மாதம் என்றார்கள். அதைப் பேசவும் முதலில் ஒரு டெர்மின் எடுத்து நேரம் குறிக்க வேண்டுமாம். பிரெஸ்ஸை ஏற்றிப்போன பழைய இரும்புக்காரனுக்குப் போன் அடித்தேன்.

"அதை எப்பவோ உருக்கியாச்சு. உங்களுக்கே உருக்குக் கட்டியாகத் திரும்பி வந்திருக்கும், பாருங்கள்," என்று சிரித்தான்.

உக்ரைன் முன்னரங்கில் ஷெல்லை எண்ணி எண்ணிச் சுடுகிறார்கள் என்று டிவியில் சொன்னார்கள். ஒரு முழுப் போரையே நான் தோற்கடித்துவிட்டேன் என்று பதறி டிவியை நிறுத்தினேன். இத்தனைக்கும், சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் ஆமி ஷெல் அடிக்கும்போது பங்கருக்குள் குந்தியிருந்து, "அவங்களிட்ட ஷெல் முடிஞ்சுதாக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதற்காகக் காத்துக் கிடந்தவன் நான். ஷெல் முடிந்தால்தான் வெளியே தலைகாட்டலாம். ஆனால் அந்த ஷெல் எங்கோ ஒரு கொட்டகையில், ஒரு பிரெஸ்ஸின் அடியில் பிறக்கிறது என்று அன்றும் யோசிக்கவில்லை, சீட்டு ஒட்டிய அன்றும் யோசிக்கவில்லை.

செக் நாட்டில், எந்தச் சான்றிதழும் கிடைக்காத ஓர் அழுக்கு ஆலையில், அதே மாதிரி பிரெஸ் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. ஓடர் அங்கே போனது. எங்கள் பகுதியை மூடினார்கள்.