தாளில் நான் விட்ட பத்தி

அம்மாவுக்கு மதுரையில் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்திருக்க, தாளை வாங்கி மளமளவென்று தமிழில் சொன்னேன். மாத்திரை, உப்பு, எடை தூக்கக் கூடாது, இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பத்தி, சில மாதம் இருந்து மாறும் சின்னத் தொந்தரவுகளைப் பற்றியது. அம்மாவுக்கு அது தேவையில்லை என்று நானே முடிவுசெய்து மடித்துவிட்டேன்.

எதிர்க்கட்டில் பெரியவர், "டாக்டருக்குப் படிக்குதா புள்ள?" என்று கேட்டார். நான் வணிகவியல் படித்தவள். இல்லை என்று சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழிந்தது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருபது வருடம் காய் எடுத்த அம்மாவுக்கு வீடு சலித்துப்போயிற்று. "சோலி பாக்கல. தோட்டத்தப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றாள். மருத்துவரும் போய்வரலாம் என்றதால் நானும் கூடப் போனேன். ஜீப்பின் முன்சீட்டில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் நெருக்கியடித்திருந்த பெண்களில் ஒருத்தி விடவில்லை.

"என்ன மதினி, கைப்பிள்ளையோட வர்றீக?"

"ஆமாடி, இந்த வயசுல பெத்தேன். வளைவு வந்தா அழுவுறான்."

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. அம்மா சிரிக்கவும் தலையணையை அழுத்திக்கொண்டாள்.

தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. காய் உலர்த்தும் ஸ்டோரில் அன்று அடுப்பு எரிந்தது. நனைந்த பெண்கள் எல்லோரும் அடுப்புக்குப் பின்புறச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டார்கள். அது அங்கே வழக்கம். முதலில் நெஞ்சு, சூடு ஏறியதும் திரும்பி முதுகு. உடம்பில் ஈரம் காய்கிற வரை அப்படித்தான் மாறி மாறி நிற்பார்கள். அம்மாவும் தன் பழைய இடத்தில் போய் நின்றாள். மற்றவர்கள், "ஆத்தாடி, என்னா சூடு" என்று திரும்பிக்கொண்டார்கள். அம்மா திரும்பவில்லை. இடது நெஞ்சைச் சுவரில் சாய்த்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நாள் கழித்து வந்திருக்கிறாள், நிற்கட்டும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஈரச் சேலையை மாற்றும்போது பார்த்தேன். தழும்புக்கு இடதுபுறம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, நடுவே கொப்புளம்.

"என்னம்மா இது? சுட்டிருக்கு. தெரியலயா உனக்கு?"

குனிந்து பார்த்தாள். யாருடைய உடம்பையோ பார்ப்பதுபோல இருந்தது.

"இந்தப் பக்கம் எனக்கு இல்லத்தா."

"இல்லன்னா?"

"ஆசுபத்திரில இருந்து வந்ததுல இருந்தே இல்ல. கிள்ளுனாலும் தெரியாது. செத்துப்போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஏம்மா சொல்லல?"

"நீ படிச்ச தாள்ல அது இல்லயே. தாள்ல இல்லாத சீக்குன்னா திரும்பவும் அறுப்பாகளேன்னு வாயத் தொறக்கல."

பீரோவிலிருந்து தாளை எடுத்தேன். கடைசிப் பத்தியின் முதல் வரியே அதுதான். மார்பெலும்புக்கு இடதுபுறம் மரத்துப்போயிருக்கலாம், பல மாதம் ஆகலாம்.

"இருக்கும்மா. நாந்தேன் வாசிக்காம விட்டுட்டேன்."

திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று மாதம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதுபோல இருந்தது.

"அப்ப இது சாவலயா?"

"இல்லம்மா."

"வேற என்னத்த விட்ட?"

ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். தழும்பின் மேல்முனையில் சின்ன மேடு இருக்கலாம். அம்மாவின் விரல் அங்கே போனது. துணி உரசினால் கூசலாம். தலையை ஆட்டினாள். திரும்பிப் படுக்கும்போது நெஞ்செலும்பு லேசாகச் சொடுக்கலாம். கூடினாலோ நின்றுபோகாவிட்டாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

"அதுவுமா போட்ருக்கு? மொத மாசம் பூரா கேட்டுச்சு. இப்ப இல்ல." பிறகு கண்ணைத் திறந்தாள். "அப்ப நான் சரியாத்தேன் கெட்டுப்போயிருக்கேன்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் போடியில் மருத்துவரிடம் காட்டினோம். அவர் தீப்புண் களிம்பு எழுதிக்கொடுத்தார். உணர்ச்சி மெதுவாக வரும், கொஞ்சம் வராமலும் போகலாம் என்றார். நான் அதை அப்படியே, கடைசிப் பாதியையும் சேர்த்து, அம்மாவிடம் சொன்னேன்.

காலையும் மாலையும் நான்தான் களிம்பு போட்டேன். அம்மா மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, "போட்டுட்டியா?" என்று கேட்பாள். தொடுவது அவளுக்குத் தெரியாது. அதனால் நான் வாயால் சொல்லிக்கொண்டே போடுவேன். இப்ப ஓரத்துல, இப்ப நடுவுல, இப்ப தழும்புக்குப் பக்கத்துல.